ஆறாவது ஸ்டட்

அந்தப் பழைய காரின் எஞ்சினோடு புகைக்குழாயைச் சேர்த்துப் பிடித்திருந்த ஸ்டட்டுகள், அதாவது தலையில்லாத மரைக் கம்பிகள், மொத்தம் எட்டு. நாற்பது வருஷத் துருவில் நட்டும் மரையும் ஒட்டிப்போய், எது எதென்றே பிரித்துச் சொல்ல முடியவில்லை. மெக்கானிக் மூன்று நாளாக எண்ணெய் விட்டு, சூடு காட்டி, கால் சுற்று முன்னே அரைச் சுற்று பின்னே என்று தாஜா பண்ணி ஐந்தைக் கழற்றிவிட்டார். ஆறாவதில் ஸ்பானரை மாட்டும்போது வலது கை நடுங்கியது. ஸ்பானர் கோணலாக உட்கார்ந்தது தெரிந்தும், எரிச்சலில் ஒரே இழுப்பாக இழுத்தார். டக்கென்று முறிந்து, மிச்சத் துண்டு எஞ்சினுக்குள்ளேயே தங்கிவிட்டது.

கை நடுங்க ஆரம்பித்து மூன்று மாதம் ஆகிறது. யாரிடமும் மூச்சு விடவில்லை. காருக்குச் சொந்தக்காரி, ஓய்வு பெற்ற பெரிய டீச்சர், சாயங்காலம் வருவதாகச் சொல்லியிருந்தார். அவரைக் கூப்பிட போனைக் கையில் எடுத்த நேரத்தில், பக்கத்துத் தையல்கடையிலிருந்து மனைவி சாப்பாட்டுடன் வந்தாள்.

"யாருக்குப் போன்?"

"டீச்சருக்குத்தான். வண்டியை வேற எடத்துக்குக் கொண்டுபோகச் சொல்லப் போறேன். ஒரு ஸ்டட் உள்ளேயே ஒடைஞ்சுபோச்சு."

"இதுக்கு முன்னாடி ஒடைஞ்சதே இல்லையா?"

அவர் வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அவள் சாப்பாட்டைக் கீழே வைத்தாள்.

"கை நடுங்குது, அதானே? இப்பல்லாம் சட்டை பட்டனை இடது கையால போட்டுக்கிறீங்க. நாள் பூரா காஜா எடுக்கிறவ கண்ணுக்கு அது தப்புமா? நீங்களே சொல்லுவீங்கன்னுதான் பார்த்தேன்."

அவருக்கு முகம் சுண்டிப்போனது. இத்தனை நாள் மறைத்தது யாரிடம் என்று நினைக்கையில் வெட்கமாகவும் இருந்தது, நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கினாற்போலவும் இருந்தது.

"சரி, இதுக்கு இப்ப என்ன பண்ணணும்?"

"துண்டோட நட்டநடுவுல துளை போட்டுக் கழட்டணும். துளி விலகினாலும் எஞ்சின் மரை போயிடும். என் கையை நம்ப முடியாது."

"நடுவைக் கண்டுபிடிக்கிறதுதானே? மேல அரத்தைப் போட்டு மட்டமாக்குங்க."

அவர் ராவியதும், அவள் மெல்லிய காகிதத்தை அதன் மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்தாள். வட்டம் பதிந்தது. வெட்டி எடுத்து, இரண்டாக, நான்காக மடித்து, மடிப்பு சேர்ந்த இடத்தில் ஊசியால் குத்தினாள். பிறகு பசை தடவித் துண்டின் மேலேயே ஒட்டினாள். முப்பது வருஷத் தொழிலில் இப்படி ஒன்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

"டிரில்லையும் நீயே பிடி. மெதுவா ஓட்டு."

"என் மெஷின் இதைவிட வேகமா ஓடும்."

"அதான் பயமா இருக்கு."

அவர் பக்கத்தில் நின்று சத்தத்தைக் கேட்டே நடத்தினார். "நிறுத்து, சத்தம் மாறுது. எண்ணெய் விடு. இப்ப போ." துளை விழுந்ததும், இடப்பக்கமாகத் திருகினால் துண்டைக் கவ்விக் கழற்றும் கம்பியை அதற்குள் இறக்கினாள். சூடு காட்டிவிட்டு, "அவசரப்படாதே, இதுவும் ஒடைஞ்சா அழுதாலும் வராது" என்றார். மூன்றாவது முயற்சியில் கிறீச்சென்று முனகிக்கொண்டு துண்டு வெளியே வந்தது. எஞ்சின் மரையில் ஒரு கீறல் கூட இல்லை. மீதி இரண்டையும் அதே சூட்டோடு அவளே கழற்றினாள்.

சாயங்காலம் டீச்சர் வந்தபோது, புது ஸ்டட்டுகள் வரிசையாக நின்றன. மெக்கானிக் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனாலும் முறிந்ததையும், கை நடுங்கியதையும், கழற்றியது யார் என்பதையும் ஒன்று விடாமல் சொன்னார்.

டீச்சர் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இறுக்கமா நிக்குமில்ல?"

"நிக்கும் டீச்சர்."

"அப்புறம் என்ன? டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"நாளைக்குக் காலைல கூட்டிட்டுப் போறேன்" என்று மனைவி முந்திக்கொண்டாள்.

தைராய்டுதான் காரணம், குணமாகிவிடும், ஆனால் சில மாதம் பிடிக்கும் என்றார் டாக்டர். அதுவரை மதியம் இரண்டு மணி ஆனால் அவள் தையல்கடையைப் பூட்டிவிட்டுப் பட்டறைக்கு வந்து, அவர் சொல்லச் சொல்ல வேலை செய்வதென்று ஏற்பாடு. முதலில் அவள் கேட்ட ஸ்பானரைத் துடைத்துக் கொடுத்தவர், இப்போது அவள் கேட்காமலே சரியான அளவை எடுத்து நீட்டுகிறார்.