ஆதியம்மாள் சொன்ன ‘போறேன்’

1

இந்தக் கதை திருட்டில் பிறந்தது. திருடிய இடம் அணுபுரம் குடியிருப்பில் என் வீட்டு வாசல். திருடியது ஒரே ஒரு சொல்.

2

முதல் தொடக்கம்: ‘சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டையின் கல்லறைகள்மேல் வௌவால்கள்...’

(அடித்துவிட்டேன். நேரில் போய்ப் பார்த்தபோது வௌவால் இல்லை. வாட்ச்மேன் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார்.)

பேய்க்கதை எழுத ஆசை. சாவிலிருந்து யாரும் தப்ப முடியாது என்பதைப் பாத்திரங்களே காட்ட வேண்டும். அதற்காக ஒரு டச்சுத் துரையையும் அவன் மனைவியையும் படைத்தேன். பக்கம் பக்கமாகப் பேசினார்கள். இருவருக்கும் சாகத் தெரியவில்லை.

3

அப்போதுதான் ஆதியம்மாள் வந்தாள். பத்து வருஷமாக எங்களுக்கு மீன் கொடுப்பவள். கூடையை இறக்கிவிட்டுப் படியில் உட்கார்ந்தாள்.

“சார், கொஞ்சம் தண்ணி குடு. காத்தாலேர்ந்து நெஞ்சு அடச்சிகினு கீது.”

கொடுத்தேன். குடித்தாள். சங்கரா மீனை நிறுத்துப் போட்டாள். எழுந்தபோது வழக்கமான “வரேன் சார்” வரவில்லை.

“நான் போறேன் சார்.”

எனக்குப் புல்லரித்தது. என் இடத்தில் வேறு யார் இருந்தாலும் என்ன சொல்லியிருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். நான் உள்ளே ஓடிப்போய் நோட்டை எடுத்தேன்.

(இங்கே ‘என் கண்கள் கலங்கின’ என்று ஒரு வாக்கியம் இருந்தது. பொய். சந்தோஷமாக இருந்தேன்.)

4

கதையில் அவள் மூன்றாம் நாள் சாவதாக எழுதினேன். பெயரைக்கூட மாற்றவில்லை.

பதினோராம் நாள் என் மனைவி விஜயகுமாரி கேட்டாள்: “ஆதியம்மா அன்னிக்கு அப்புறம் வரவே இல்லையே. உங்ககிட்ட ஏதாவது சொன்னாளா?”

“ஒண்ணும் சொல்லலியே.”

போய்ப் பார்க்கக் கால் வரவில்லை. அவள் உயிரோடு இருந்தால் கதை கெட்டுவிடுமே என்று முதலில் நினைத்தேன். இறந்திருந்தால் என்பது அப்புறம்தான் தோன்றியது. (வரிசையை மாற்றி எழுதிப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது, அடித்துவிட்டேன்.)

5

முடிவு ஒன்று: அவள் வீட்டு வாசலில் ஷாமியானா.

முடிவு இரண்டு: கருவாடு காயவைத்துக்கொண்டிருக்கிறாள். “இன்னா சார், இவ்ளோ தூரம்?”

எதை வைத்தாலும் அவளும் நானும் நீங்களும் ஒருநாள் போகத்தான் வேண்டும். அதைச் சொல்ல அவளுடைய நெஞ்சுவலி எனக்குத் தேவைப்பட்டிருக்கக் கூடாது.

செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறேன். முடிவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு உதவி. மூன்றாம் பகுதியில், அவள் கூடையைத் தூக்குவதற்கு முன்னால், நான் சொல்லாமல் விட்டதை எழுதிச் சேர்த்துவிடுங்கள்:

“போறேன்னு சொல்லாதம்மா. வரேன்னு சொல்லு.”