எந்தக் காலேஜ்?

மாதம்மாள் என்று கூப்பிட்டால் தெருவுக்கு நாலு பேர் திரும்பிப் பார்க்கிற ஜில்லா தர்மபுரி. அதனால்தான் மனுவில் அந்தப் பெயரைப் பார்த்தபோது பெரியநாயகத்துக்கு ஒன்றும் உறைக்கவில்லை. பி.காம்., முதல் வகுப்பு என்று இருந்தது. நேர்காணலுக்கு வரச்சொல்லித் தானே கையெழுத்துப் போட்டுக் கடிதம் அனுப்பினான். இப்போது அவள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து நின்றதும், தேள் கொட்டிய திருடனைப் போலக் கத்தவும் வழியில்லாமல் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்து மாதம்மாள். அவனோடு படித்தவள். அவனுடைய வேலைக்கு இந்த உலகத்தில் யாராவது உலை வைக்க முடியும் என்றால் அது அவள் ஒருத்திதான்.

மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த மாங்கூழ் ஆலைக்கு அவன் மேனேஜராகி நாலு வருஷம் ஆகிறது. முதலாளி குப்புராஜ் அஞ்சாம் வகுப்போடு மாட்டைப் பிடித்துக்கொண்டு போனவர். இன்றைக்கு இருநூறு பேருக்குக் கூலி கொடுக்கிறார். அவ்வளவு பெரிய மனுஷருக்குக் காலேஜ் என்றால் மட்டும் ஒரு கிறுக்கு. வேலைக்கு வந்த அன்று பெரியநாயகத்தின் பட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எந்தக் காலேஜ்?" என்று கேட்டார். பட்டத்தில் பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்ததே தவிர, எப்படிப் படித்தான் என்று எழுதியிருக்கவில்லை. "சேலங்க" என்றான் இவன். அந்த ஒரு சொல்லுக்கு முட்டுக்கொடுக்கப் பிறகு எத்தனை பொய்! ஹாஸ்டல் சாம்பாரில் பருப்பைத் தேடியது, வார்டனுக்குத் தெரியாமல் சுவரேறிக் குதித்து இரண்டாம் ஆட்டம் பார்த்தது. முதலாளி அதையெல்லாம் வந்தவர் போனவரிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

"முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கறீங்க. என்னைக்கு இருந்தாலும் தெரியத்தான் போவுது, நீங்களே சொல்லிப்புடுங்க" என்று அவன் மனைவி ஞானமேரி தலைபாடாய் அடித்துக்கொண்டாள். சீசன் முடியட்டும், சீசன் முடியட்டும் என்று நாலு சீசன் போய்விட்டது.

உண்மை இதுதான். ரேஷன் கடையில் அரிசி நிறுத்துக்கொண்டே தபாலில் படித்தான். பாடக்கட்டுகள் வீட்டுக்கு வரும். மே மாதத்தில் பத்து நாள் மட்டும் சேலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வகுப்பு. ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சு, உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும். கணக்குப் பதிவியலில் ஒரு தடவை தேறாமல் போனவனுக்கு, சாப்பாட்டு நேரத்தில் மாடிப்படிக்குக் கீழே உட்காரவைத்துப் பற்றும் வரவும் இன்னதென்று விளங்கவைத்தவள் இந்த மாதம்மாள்தான். டிபன் டப்பா திறக்காமலே மணி அடித்துவிடும். முகம் சுளிக்க மாட்டாள்.

அலுவலக எழுத்தர் வேலை ஒன்றே ஒன்று. காலையில் வந்த மாயவன் என்கிற பையன் அரசாங்கக் காலேஜில் படித்தவன். மூன்று தடவை எழுதித் தேறியிருந்தான். ஆனாலும் முதலாளிக்கு அவனைப் பிடித்துவிட்டது. வெளியே பெஞ்சில் காத்திருந்தான்.

"உக்காரும்மா" என்றார் முதலாளி, மாதம்மாளைப் பார்த்து. "எந்தக் காலேஜ்?"

"காலேஜ் போவலீங்க. தபால்ல படிச்சேன்."

முதலாளி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "தபால்லயா? மணியார்டராட்டம் வூடு தேடி வந்துச்சா டிகிரி?"

"பாடந்தாங்க வூட்டுக்கு வந்துச்சு. டிகிரி நான் பரீட்சை எழுதி வாங்குனது."

"எழுதுனது நீதான்னு யாரு கண்டா? ஆள வெச்சு எழுதறாங்கன்னு ஊரெல்லாம் பேச்சு." அவர் இவன் பக்கம் திரும்பினார். "ஏட்டுச் சொரக்காயே கறிக்கு ஆவாதும்பாங்க. இது தபால் சொரக்கா! நீங்க சொல்லுங்க மேனேஜரே, காலேஜ் வாசல மிதிச்சவரு நீங்க."

பெரியநாயகம் ஏதாவது சொல்லியே ஆகவேண்டும். சொன்னான். "வகுப்புல உக்காந்து படிக்கறது வேறதாங்க."

சொன்ன வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது. மாதம்மாள் அப்போதுதான் அவனை நேராகப் பார்த்தாள். உள்ளே வந்தபோதே அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது என்பது அந்தப் பார்வையிலிருந்து அவனுக்குப் புரிந்தது. அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பான்.

"கேட்டியாம்மா?" என்றார் முதலாளி. "காலேஜ்னா கூடப் படிச்சவன்னு நாலு பேரு இருப்பான். இவரு ஹாஸ்டல் கதைய ஆரம்பிச்சா பொழுதுக்கும் கேக்கலாம். உனக்கு அப்படி ஒரு ஆளு உண்டா? இவதான் படிச்சா, இவதான் எழுதுனான்னு சொல்ல ஒரே ஒரு ஆளு? பேரச் சொல்லு. வெளிய இருக்கறவன அனுப்பிப்புட்டு வேலைய உனக்கே தரேன்."

பக்கத்துக் கொட்டகையில் பெண்கள் பெங்களூரா மாங்காயைத் தரம் பிரிக்கும் சத்தம் கேட்டது. ஒரு பேர். அவள் வாயைத் திறந்தால் அவளுக்கு வேலை. பெரியநாயகத்துக்கு வேலை போகும், மானம் போகும், முதலாளி கொடுத்திருக்கும் வீட்டிலிருந்து ஞானமேரியும் பிள்ளைகளும் சட்டி பானையோடு வெளியே வரவேண்டும். மாதாவே, இவள் வாயைக் கட்டு என்று மனசுக்குள் மன்றாடினான். அப்படி மன்றாடியதற்காகத் தன் மேலேயே அவனுக்கு அருவருப்பு வந்தது.

"இருந்தாருங்க ஒருத்தரு" என்றாள் மாதம்மாள். "பேரு வேண்டாங்க."

"ஏன் வேண்டாம்?"

"என் வேலைக்காவ அவரு பொழப்புல ஏன் மண்ணப் போடணும்?"

முதலாளி மேசையைத் தட்டிச் சிரித்தார். "பாத்தீங்களா! படிச்சேன்னு வெளிய சொல்லவே வெக்கப்படற படிப்பு. எழுதுங்க மேனேஜரே, தகுதி இல்லைன்னு எழுதி மூடுங்க."

பெரியநாயகம் பேனாவைத் திறந்தான். மனுவின் ஓரத்தில் 'தகுதி' என்று எழுதினான். அதற்கு மேல் கை ஓடவில்லை. அவள் அதற்குள் சான்றிதழ்களை மஞ்சள் பையில் வைக்கத் தொடங்கியிருந்தாள். யாரையும் குறை சொல்லாமல் எழுந்து போகப் போகிறாள். நாலு வருஷம் பொறுத்தவனுக்கு அதைப் பொறுக்க முடியவில்லை.

"நாந்தாங்க அது."

"எது?"

"கூடப் படிச்சது. நானும் தபால்லதாங்க படிச்சேன். கணக்குல பெயிலாயிட்டேன். இந்தப் பொண்ணு சொல்லிக் குடுத்துத்தான் பாஸானேன்."

முதலாளிக்கு உடனே கோபம் வரவில்லை. "அப்ப ஹாஸ்டலு?" என்றார்.

"இல்லீங்க."

"அந்த வார்டன்?"

"அதும் பொய்ங்க."

அவர் முகம் சுருங்கிப்போனது. நாலு வருஷமாக அந்த ஹாஸ்டலில் ஒரு மூலையில் தானும் மனசுக்குள் பாய் விரித்துப் படுத்திருந்தவர் அவர். "நீ ஏன் சொல்லல?" என்றார். அவர் அவனை 'நீ' என்றது அதுதான் முதல் தடவை.

"சொல்லியிருந்தா வேலை குடுத்திருக்க மாட்டீங்க."

"ஆமா. குடுத்திருக்க மாட்டேன்." மறைக்காமல் ஒப்புக்கொண்டார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மாதம்மாளைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். வியாபாரி மனசு அதற்குள் கணக்குப் போட்டு முடித்துவிட்டது.

"இவனுக்குச் சொல்லிக் குடுத்தவ நீ. இவனே நாலு வருசம் ஆலைய ஓட்டிட்டான், குத்தம் சொல்ல முடியாது. அப்ப நீ இன்னும் நல்லாவே ஓட்டுவ. திங்கக்கிழம வா. ரெண்டு மாசம் இவங்கிட்ட வேலையப் பழகிக்க. சீசன் முடிஞ்சா இவன் நாற்காலி உனக்கு. தபால்ல படிச்சதுக்காவ இவன நான் அனுப்பல. என்னைய நாலு வருசம் முட்டாளாக்குனதுக்காவ அனுப்பறேன்." பிறகு ஏதோ ஞாபகம் வந்தவர் போல, "சம்பளம் மட்டும் இவன் வாங்குன காலேஜ் சம்பளம் கெடையாது. தபாலுக்கு என்ன உண்டோ அதுதான்" என்றார்.

வேண்டாம் என்று அவள் சொல்லிவிடுவாள் என்று பெரியநாயகம் எதிர்பார்த்தான். வெட்கங்கெட்ட எதிர்பார்ப்புத்தான், ஆனாலும் எதிர்பார்த்தான்.

"திங்கக்கிழம வந்துடறேங்க" என்றாள் மாதம்மாள்.

மாயவனுக்கு விஷயத்தைச் சொல்லி அனுப்பிவிட்டுப் பெரியநாயகம் வாசலுக்கு வந்தபோது, பாலக்கோடு பஸ்ஸுக்காக அவள் கேட்டருகே நின்றிருந்தாள். அவனைப் பார்த்ததும் மஞ்சள் பையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"அண்ணா, எங்க வூட்டுல சம்பாரிக்க என்னை விட்டா ஆளில்ல. வேண்டாம்னு சொல்ல முடியல."

"தெரியும், மாது."

"நாந்தான் உங்க பேரச் சொல்லலியே. நீங்க ஏண்ணா சொன்னீங்க?"

"நீ சொல்லியிருந்தா, இவ யாருன்னே தெரியாதுன்னு சாதிச்சிருப்பேன்."

பஸ் வந்து நின்றது. அவள் படியில் கால் வைத்துவிட்டுத் திரும்பி, திங்கட்கிழமை எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று கேட்டாள். எட்டரைக்கு என்று சொல்லிவிட்டு, பஸ் திருப்பத்தில் மறையும் வரை அவன் அங்கேயே நின்றான்.