இன்னும் அழுத்தவே இல்லை

கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் உரசிக்கொள்கிற இந்த ஓர் அங்குலத்துக்கு என்ன விலை சொல்லலாம், என் துணிக்கடையையே எழுதிக் கொடுத்தாலும் கட்டாது, தொட்டே பஞ்சா கலப்பா என்று சொல்லும் விரல்கள், அதைப் போய் இந்தக் குளிர் அறையில் கழிவுச் சரக்கு மாதிரி மேசையில் கிடத்தியிருக்கிறேனே... பரிசோதிக்கிற பெண் விரலில் கம்பி வளையம் மாட்டுகிறாள், மணிக்கட்டில் கொஞ்சம் மின்சாரம் வைப்பாளாம், அது நரம்பு வழியே விரலுக்கு வந்து சேர எவ்வளவு நேரம் என்று பெட்டி சொல்லுமாம், நல்லவேளை, துணிக்கு இப்படி ஒரு பெட்டி இல்லை, இருந்தால் என் பொய்யில் பாதி போணியாகாது. இடக்கை பரவாயில்லை, சுருக்கென்றது, திரையில் அலை எழும்பியது. வலக்கைதான்... கட்டைவிரலிலிருந்து மூன்று விரலும் யாரோ ஒருவனுடையவை என் கையில் ஒட்டியிருப்பது போல, நாளைக்குப் பெரிய கொள்முதல், வெளியே தம்பி உட்கார்ந்திருக்கிறான், இது செத்துவிட்டதென்றால் அவன் சரக்குப் பார்க்கப் போவான், நான் வாசலில் நின்று வாங்க வாங்க என்று பல்லைக் காட்டவேண்டியதுதான். எதிராளி வாய் திறக்குமுன் விலையைச் சொல்லிவிடு, அதுதானே தொழில், சொல்லிவிட்டேன்.

“ஆங், சுருக்குன்னுச்சும்மா, நல்லாவே வந்துச்சு.”

“ஐயா, நான் இன்னும் பட்டன அழுத்தவே இல்லையே.”

சிரித்திருந்தால் தேவலை, சிரிக்கவில்லை.

“பேரம் பேசாதீங்கய்யா, இந்தப் பெட்டிக்குக் காது கிடையாது” என்று அழுத்தினாள், கோடு படுத்தே கிடந்தது, மின்சாரத்தைக் கூட்டி வைத்தாள், தூக்கத்தில் புரள்வது போல லேசாக அசைந்தது.

“மிச்சத்த டாக்டர் சொல்வாரு. இப்படி இருக்கறது வீட்டுல தெரியுமா?”

“ஒருத்தருக்கும் தெரியாது.” சொன்ன வாய் மூடவில்லை... தெரியாதா? நான் சரி என்ற துணியை உடனே தம்பியும் உரசிப் பார்க்கிறானே, கேட்டால், “அண்ணே தொட்டதத் தொட்டா ராசிண்ணே”, நானும் ராசி பாக்குற மூஞ்சியப் பாரு என்று கேலி செய்தேன், பூனை குறுக்கே போனால் பூனைக்கு என்ன அவசரமோ என்று கேட்கிற தம்பிக்கு ஏது ராசி, சாயம் சரியில்லண்ணே என்று அவன் திருப்பியனுப்பியதெல்லாம் நான் தேறும் என்ற சரக்கு, இங்கே வரச்சொல்லி நச்சரித்ததும் அவன்தான்... எப்போதிலிருந்து?

கதவு திறந்தது. “என்னண்ணே, தேறுமாமா?”

இடக்கை ஐந்தும் வரவு, வலக்கையில் மூன்று பற்று, நடுவே எனக்காகத் தடவிக்கொண்டிருந்த அவனுடைய இரண்டு விரல்கள், அவற்றை எந்தப் பக்கம் எழுதுவது...