ஐம்பது சுற்று முடிந்த பிறகு

ஜூன் மாதம், இரண்டே நாள், ஐம்பது சுற்று. அமெரிக்காவின் பெரிய பேஸ்பால் கிளப்புகளெல்லாம் ஆயிரத்துச் சொச்சம் பையன்களைப் பங்குபோட்டு எடுத்துக்கொண்டன. டெக்சஸில் காப்பெல் என்ற ஊரில் மணியன் வீட்டு டெலிபோன் மட்டும் வாயைத் திறக்கவில்லை. பொய் சொல்லக்கூடாது, இரண்டு தரம் அடித்தது. ஒன்று, கார்ப்பெட் கழுவித் தருகிறோம் என்ற கம்பெனி. இன்னொன்று, சனிக்கிழமை பாட்லக் கூட்டு விருந்துக்கு யார் தயிர்சாதம் கொண்டுவருவது என்று கேட்ட எழிலரசி ஆன்ட்டி.

மணியன் மகன் கவினுக்கு இருபத்திரண்டு வயது. இடது கையால் பந்து எறிகிறவன், மணிக்குத் தொண்ணூற்றிரண்டு மைல். காலேஜில் நாலு வருஷ ஆட்டமும் முடிந்துவிட்டது. இந்தத் தடவை எந்தக் கிளப்பும் கூப்பிடவில்லை என்றால் கதவு சாத்தினது சாத்தினதுதான், அடுத்த வருஷம் என்று ஒன்று அவனுக்குக் கிடையாது. அவனைவிட மெதுவாக எறிந்து, பாதி சீசன் பெஞ்சைத் தேய்த்த இரண்டு பேருக்கு அழைப்பு வந்துவிட்டது. அட, இது எந்த ஊர் நியாயம்?

கவின் அழவில்லை. சோபாவில் உட்கார்ந்து அம்மா வசந்தாமணி வைத்த தோசையைத் தின்றான். எத்தனை தின்றான் என்று அவனுக்கே தெரியாது. பல் டாக்டர் ஊசி போட்ட ஈறு மாதிரி உடம்பு முழுக்க மரத்துக் கிடந்தது. அப்பா பக்கத்தில் வந்து நின்று தொண்டையைச் செருமினார்.

"விடுறா. மாஸ்டர்ஸுக்கு அப்ளை பண்ணிடலாம். இன்னும் டைம் இருக்கு."

"ஓகே, டேட்."

எதற்கு ஓகே சொன்னான் என்பதும் அவனுக்குத் தெரியாது.

மூன்று வாரம் கழித்து அவனுடைய காலேஜ் கோச் போன் போட்டார். மேற்கு டெக்சஸில் ஒரு சின்ன ஊர், எந்தப் பெரிய கிளப்போடும் ஒட்டாத ஒரு சின்ன டீம், ஆள் எடுக்கிறார்கள் என்றார். கவின் பழைய ஹோண்டாவில் ஐந்து மணி நேரம் டிரைவ் பண்ணிப் போனான். வழியெல்லாம் பாட்டுக்கூடப் போடவில்லை. அங்கே மண்டையைப் பிளக்கிற வெயிலில் அறுபது பேர் வரிசையில் நின்றார்கள். இவன் இருபது பந்து எறிந்தான். வேகம் அளக்கிற ஆள் கருவியைத் தட்டிப் பார்த்துவிட்டு மறுபடி எறியச் சொன்னார். மதியத்துக்குள் காகிதத்தில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். இனி அவனும் தொழில்முறை ஆட்டக்காரன்தான். அதற்கும் அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

வேலியோரம் ஒருவர் நின்றிருந்தார். பெரிய கிளப் ஒன்றுக்கு ஆள் பொறுக்குகிற ஸ்கவுட். வசந்தகாலத்தில் இவன் ஆடிய நாலு மேட்ச்சுக்கு நோட்டும் கையுமாக வந்தவர். கவினைப் பார்த்ததும் அருகே வந்தார்.

"தோள் சரியாகிவிட்டதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"எந்தத் தோள்?"

மனிதர் குழம்பிப்போனார். கிளப்புகள் ஆள் எடுப்பதற்கு முந்தின வாரம் அவர் காப்பெல் வீட்டுக்கு போன் செய்தாராம். எடுத்தது அம்மா. உங்கள் பையனுக்கு அபாரமான கை என்று இவர் சொன்னதும், அதெல்லாம் ஒன்றுமில்லை, எப்போது பார்த்தாலும் தோள் வலி என்கிறான், சரியாகச் சாப்பிடுவதுமில்லை, ஏதோ பொழுதுபோக்குக்கு விளையாடுகிறான் என்று அந்த அம்மாளே சொன்னாராம்.

"காயத்தைக் கோச் மறைப்பார். பெற்றவள் எதற்குப் பொய் சொல்லப்போகிறாள்? எட்டாவது சுற்றுக்கு உன்னைக் குறித்து வைத்திருந்தேன், அதைக் கேட்டதும் பெயரை அடித்துவிட்டேன்" என்றார். "இந்த மாதிரிச் செய்தி ஓரிடத்தில் நிற்காது. மற்றவர்களுக்கும் போயிருக்கும்."

கவினுக்கு உடனே புரிந்துவிட்டது. பிள்ளையைப் பற்றி ஒரு நல்ல வார்த்தையை வெளியாள் காதில் வசந்தாமணி போட்டதே இல்லை. கணக்கில் முதல் பரிசு வாங்கினால், "குருட்டு அதிர்ஷ்டமுங்க." என்ன உயரம் உங்க பையன் என்றால், "எங்கீங்க, சோறே திங்கறதில்லீங்க, தெனம் ஒரு வலி." கண் பட்டுவிடக் கூடாதாம்! சொந்த ஊர் ஈரோட்டுப் பக்கம் இதைக் கேட்டால் சிரித்துவிட்டுக் காப்பியைக் குடித்துவிட்டுப் போவார்கள். இந்த வெள்ளைக்காரர் நோட்டை எடுத்து அப்படியே எழுதி வைத்துவிட்டார். போனை வைத்த கையோடு அம்மா அவன் யூனிஃபார்ம் போட்டோவுக்கு உப்பும் மிளகாயும் சுற்றியிருப்பாள். அடுப்பில் போட்டால் ஸ்மோக் அலாரம் ஊரைக் கூட்டும் என்று சிங்க்கில் கொட்டித் தண்ணீர் விட்டிருப்பாள். கோபம் வர வேண்டிய இடம் இது. வரவில்லை.

டீம் ஆபீஸ் போனிலிருந்து வீட்டுக்குக் கூப்பிட்டான். முதல் மணியிலேயே அம்மா எடுத்தாள்.

"கண்ணு, செலக்ட் ஆயிட்டியா?"

"யெஸ்மா. ஸ்மால் டீம்."

"சின்னதோ பெருசோ, உடு. ஏஞ்சாமி, அந்தப் பெரிய கிளப்புக்காரங்க ஏன் உன்னை எடுக்கல? காரணம் ஏதாச்சும் சொன்னாங்களா? எனக்கு அதே நெனப்பா இருக்குது."

சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம் போதும். அதற்கப்புறம் ஆயுசு முழுக்க அவள் அந்த டெலிபோனைத் தொடமாட்டாள். ஜன்னலுக்கு வெளியே ஒருவன் மைதானத்துக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தான். கவின் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"நான் அவ்வளவு நல்லா போடலம்மா" என்றான், தமிழிலேயே.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"எவன் சொன்னான்? உன்னாட்டம் போட இந்த ஊர்ல ஒருத்தன் இருக்கானா? நீ கையை ஓங்கறப்ப எனக்கு நெஞ்சு நெறைஞ்சு போகும் கண்ணு. அத்தனை பேர் நடுவுல எந்திரிச்சு, என்ற பையன்னு கத்தணும்போல இருக்கும். தங்கக் கைடா உனக்கு."

இருபத்திரண்டு வருஷத்தில் அவள் இப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை. இனிமேல் யார் கண் பட்டு என்ன ஆகப்போகிறது என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. கவின் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு, தனக்கு ஏதாவது தோன்றுமா என்று காத்திருந்தான்.