ஆர்வில் டெஸ்மன் என்று சொன்னவன்

கொலம்பஸ் அவென்யூ மதுக்கடையில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. ஆணை ஆண் காதலிப்பது குற்றமாக இருந்த காலம்; போலீஸ் பிடித்தால் மறுநாள் பத்திரிகையில் பெயர் வரும், வேலை போகும். அதனால் கவிஞர்கள், அவர்களைச் சுற்றும் ஆண்கள் எல்லோருக்கும் பட்டப்பெயர்தான். நம் கவிஞனுக்கு ஃபின்ச். நான்கு மாதமாக அவன் உயிரை விட்டுக் காதலித்த கணக்கு வாத்தியாருக்கு டியூக்.

ஞாயிறு மதியம் கவிதை வாசித்துக்கொண்டிருந்தபோது போலீஸ் புகுந்தது. நல்லவேளை, டியூக் அன்று வரவில்லை. ஸ்டேஷனில் ஏதாவது ஒரு பொய்ப் பெயரைக் கொடுப்பது எல்லோருக்கும் வழக்கம். ஃபின்ச்சும் ஒன்றைத் தயாராக வைத்திருந்தான். ஆனால் வாயைத் திறந்தால் "ஆர்வில் டெஸ்மன்" என்று வந்தது. டியூக்கின் நூலக அட்டையில் திருட்டுத்தனமாகப் பார்த்த பெயர் அது. ஏன் வந்தது என்று அவனுக்கே விளங்கவில்லை. அதை எழுதிக்கொண்டு போலீஸ் அவனை விட்டுவிட்டது.

செவ்வாயன்று டியூக் பத்திரிகையோடு அவன் அறைக்கு வந்தான்.

"பாருடா, என் பேரு! அன்னைக்கு நான் ஓக்லாண்ட்ல அக்கா வீட்ல இருந்தேன். சொன்னவனைக் கூட்டிட்டு வா, இல்லன்னா வேலை இல்லைங்குறாரு பிரின்சிபால். எவன்னு கண்டுபிடிச்சுக் குடுடா."

ஃபின்ச்சுக்குத் தலை சுற்றியது. சொன்னால் இவன் போய்விடுவான். சொல்லாவிட்டால் இவன் வேலை போய்விடும்.

"நான்தான்டா."

"என்ன நான்தான்?"

"உன் லைப்ரரி கார்டுல பாத்தேன். அன்னையிலேருந்து தினமும் உள்ளுக்குள்ளயே சொல்லிட்டிருந்தேன். வாயைத் திறந்ததும் அதுதான் வந்துச்சு."

டியூக் கை ஓங்கினான். பிறகு எதற்கு ஓங்கினோம் என்று தெரியாதவனாக அதைக் கீழே போட்டான்.

"கவிஞனாம் கவிஞன்! நாலு மாசத்துல என் பேரை வாய்விட்டுச் சொன்னது ஒரே தடவை. அதுவும் போலீஸ்காரன்கிட்டயா? ஷூவைப் போடு."

பள்ளி அலுவலகத்தில் ஒரு அம்மாள் தட்டச்சு இயந்திரத்தில் தாளைச் செருகிவிட்டு, "உங்க பேர் சொல்லுங்க," என்றாள்.

ஏன் டியூக்கின் பெயரைச் சொன்னாய் என்று கேட்டால், நூலகத்தில் கண்ணில் பட்ட பெயர் என்று சொல்லிக்கொள்ளலாம், அது பொய்யுமில்லை. ஆனால் இங்கே சொந்தப் பெயரைக் கொடுத்தால் அவனுடைய அரசாங்கக் குமாஸ்தா வேலை ஒரு வாரம்கூடத் தாங்காது.

"லைல் ஹட்சின்ஸ்," என்றான்.

அவனுடைய சொந்தப் பெயரை முதல்முறையாகக் கேட்ட டியூக் பக்கத்திலிருந்து சட்டென்று திரும்பினான்.

"லைல்?" என்றான் மெதுவாக. "லைல்."

அது கோபமா, வேறு ஏதாவதா என்று லைலுக்குப் புரியவில்லை. இன்னொரு தடவை சொல்ல மாட்டானா என்று மட்டும் இருந்தது.