மன்னிப்பு வாசலுக்கு இந்தப் பக்கம்

கையில் இரும்பு வளையத்தோடு யாத்திரிகர் விடுதிக்குள் தூக்கி வரப்பட்டவனை, அங்கே சமைக்கும் எல்விரா பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டாள். ஃபோர்தூன்தான். ஒயின் கடைச் சண்டையில் அவள் மகன் நூன்யோவைக் குத்திக் கொன்றவன். குத்திய கத்தியையே உருக்கி வளையமாக்கி அவன் கையில் பூட்டி, மலைகளுக்கு அப்பாலுள்ள புனித சந்தியாகப்பர் கல்லறைவரை நடந்துபோய்ப் பாவத்தைத் தீர்த்துக்கொள் என்று தீர்ப்புச் சொன்னார் நீதிபதி. பெரிய தண்டனைதான், போங்கள். அன்று தலை நிமிராமலே நின்றவனுக்கு அவள் முகம் தெரியாது.

இப்போது காய்ச்சலில் அனலாய்க் கொதித்தான். விடுதி இருந்த வில்லாஃபிராங்கா ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சலுகை ஒன்று உண்டு. இதற்கு மேல் நடக்க முடியாத யாத்திரிகனை மேட்டுக் கோயிலின் மன்னிப்பு வாசலில் கொண்டுபோய்க் கிடத்தினால் போதும். கல்லறைவரை போனவனுக்குக் கிடைக்கும் அதே மன்னிப்பு அவனுக்கும் கிடைத்துவிடும். காலையிலேயே தூக்கிப் போகலாம் என்றார் அந்தக் கோயிலின் சுவேரோ சாமியார்.

எல்விரா விடவில்லை. இந்தக் குளிரில் வேண்டாம், கொஞ்சம் தேறட்டும் என்று சாக்குச் சொன்னாள். முட்டைக்கோஸும் பன்றி எலும்பும் போட்டுச் சாறு காய்ச்சி ஊட்டினாள். கால் புண்ணைக் கழுவிக் கட்டினாள். பெற்ற பிள்ளையைக்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டாள். விடுதியே அவளை மெச்சியது. அது அன்பா வன்மமா என்று அவளுக்குத்தானே தெரியும். எழுந்து நடக்கிறவனுக்கு அந்த வாசல் கிடையாது.

நினைத்தபடியே ஆயிற்று. தன் காலாலேயே மேடேறி வந்து நின்றவனைச் சாமியார் திருப்பி அனுப்பினார், கணவாய் தாண்டி நடந்து போ என்று. அவன் அழுதுகொண்டே போவதை எல்விரா அடுப்படிச் சன்னலிலிருந்து ஆசைதீரப் பார்த்தாள். செப்ரேரோ கணவாயில் பனி கொட்டுகிறது. அரைகுறையாய்த் தேறிய உடம்பு தாங்காது. பாவத்தோடேயே சாவான்.

சாறு குடிக்க வந்த சாமியாரிடம் வாய் அடங்காமல் எல்லாவற்றையும் சொல்லியும் விட்டாள். அவர் பதறிப்போனார்.

"புத்தி கெட்டுப்போச்சா எல்விரா? வழியில செத்தாலும் போய்ச் சேர்ந்த கணக்குதான். பாதியில திரும்புறவனுக்குத்தான் ஒண்ணும் கிடையாது."

யாத்திரிகர்களைப் புதைக்கிற ஊரிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு இது தெரியாதா? ஆத்திரம் கண்ணை மறைத்துவிட்டது. அடுப்பை அப்படியே போட்டுவிட்டு அவனைத் திருப்பிக் கொண்டுவர ஓடினாள். செத்தாலும் மன்னிப்பு, போய்ச் சேர்ந்தாலும் மன்னிப்பு. கொலைகாரனுக்கு எத்தனை வாசல்தான் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே ஏறினாள்.

ஃபோர்தூன் ஒரு பாறையில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

"அம்மா, நீங்களா?"

"நூன்யோவோட அம்மா."

அவன் முகம் வெளுத்தது. மண்டியிட்டு ஏதோ கேட்க வாயெடுத்தவனை அவள் முந்திக்கொண்டாள்.

"அதை மட்டும் கேக்காத. நீ சாகவும் கூடாது, போய்ச் சேரவும் கூடாது. விடுதியில விறகு வெட்ட ஆளில்ல. திரும்பு."

"எத்தனை நாளைக்கு?"

"நான் இருக்கிற வரைக்கும்."

அவன் மலையை ஒருமுறை பார்த்தான். பிறகு அவள் பின்னால் இறங்கினான். எல்விராவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. பாதி இறக்கத்தில் அவன் நெஞ்சு பிளக்க இருமினான். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது: அவன் மறுபடி படுத்துவிட்டால் மன்னிப்பு வாசலுக்குத் தூக்கிப் போய்விடுவார்கள். மகனைக் கொன்றவனைச் சாகாமல் காப்பாற்றுவது இனி தினமும் அவள் வேலை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். தன் சால்வையைக் கழற்றி அவன் தோளில் போர்த்திவிட்டாள்.