கங்கப்பன் மாற்றிய சுவிச்சு

கெலமங்கலத்தில் அப்போது இருந்த ஒரே பிக்கப் கங்கப்பனுடையது. பெங்களூரில் பட்டாளத்துச் சாமான் ஏலத்தில் எடுத்த வண்டி. சாவி போடுகிற சுவிச்சு வரும்போதே செத்துப்போயிருந்தது. கங்கப்பன் இரண்டு ஒயரை வெளியே இழுத்து விட்டிருந்தான். முறுக்கினால் வண்டி கிளம்பும், பிரித்தால் நிற்கும். ஊரில் பாதிப் பேருக்கு அந்த வித்தை அத்துபடி.

ஒரு தடவை தம்பி ராமப்பன் கேட்காமல் கொள்ளாமல் வண்டியை எடுத்துக்கொண்டு, கூட்டாளிகளோடு தேன்கனிக்கோட்டைத் தேருக்குப் போனான். டேங்கைக் காயவைத்துக் கொண்டுவந்து நிறுத்தினான். மறுநாள் சந்தைக்குப் போகவேண்டிய தக்காளி கூடையிலேயே அழுகிப்போயிற்று. கங்கப்பனுக்குக் கோபம் தலைக்கேறியது. கோபம் வந்தவனுக்குக் கண் தெரியுமா?

பெங்களூரில் புதுச் சுவிச்சு வாங்கி வந்தான். புதன்கிழமை காலை பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தான். பழைய ஒயர்களை வெட்டி எறிந்தான். புது ஒயர்களை இரும்புக் குழாய்க்குள் விட்டு, எது எதற்குப் போகிறதென்று எவனுக்கும் பிடிபடாதபடி எல்லாவற்றுக்கும் ஒரே கறுப்பு டேப் சுற்றினான். சாவியைத் திருப்பினான். ஒரே மூச்சில் கிளம்பிற்று. அன்றைக்கு அவனுக்கு இருந்த பெருமை சொல்லி முடியாது.

மனைவி ஜோதியம்மாள் எட்டு மாத வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்து நின்றாள். ஏற்கெனவே இரண்டு பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. இந்தத் தடவை கொஞ்சம் உதிரம் பட்டாலும் தாமதிக்காமல் ஓசூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொல்லியிருந்தாள் மருத்துவச்சி வெள்ளையம்மா.

"நீங்க ஓசூரு தாலூகா கச்சேரிக்குப் பஸ்ஸுலதான போறீங்க? சாவிய வீட்டுல வெச்சுட்டுப் போங்க" என்றாள்.

"வெச்சா அவன் எடுத்துக்கினு போயிருவான்."

"உங்க தம்பிதானங்க."

"தம்பின்னா கேட்டு எடுக்கட்டும். இன்னும் ஒரு மாசம் கெடக்குது. சாயங்காலத்துக்குள்ள என்ன முழுகிப்போவுது?"

இருந்ததே ஒரு சாவி. அதை அரைஞாணில் முடிந்துகொண்டு பஸ் ஏறினான்.

கச்சேரியில் ஒரு கையெழுத்துக்கு மூன்று மணிவரை உட்காரவைத்தார்கள். திரும்பும் பஸ் பாதி வழியில் நின்றது. சாலை ஓரத்தில் ஒரு கூண்டு வண்டி, சுற்றிலும் ஆட்கள். மாடுகளை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. தன் வீட்டு மாடுதான் என்று புரிந்தபோது கங்கப்பன் கீழே குதித்திருந்தான்.

வண்டிக்குள் வெள்ளையம்மாவின் மடியில் ஜோதியம்மாள் கிடந்தாள். முகத்தைச் சேலையால் மூடியிருந்தார்கள். வைக்கோலெல்லாம் ரத்தம்.

ராமப்பன் மாட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். விரலெல்லாம் கிழிந்திருந்தது. குழாயைக் கையாலேயே பிய்த்திருக்கிறான். உள்ளே எந்த ஒயரை எதோடு முறுக்குவதென்று தெரியவில்லை. ஆளைக் கூட்டித் தள்ளியும் பார்த்திருக்கிறார்கள். மத்தியானத்துக்கு மேல்தான் மாட்டைப் பூட்டியிருக்கிறார்கள்.

கங்கப்பன் தம்பியின் காலடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். இவன் ஓங்கி ஒரு அறை விடமாட்டானா என்றிருந்தது. பாவி, உன்னால்தான் என்று நாலு பேர் முன்னால் கத்தினாலாவது தாங்கிக்கொள்ளலாம். ராமப்பன் கத்தவில்லை. அவனும் பக்கத்தில் குந்தினான்.

"வண்டி கெளம்பலியா ராமா, கெளம்பலியான்னு அண்ணி கேட்டுக்கினே இருந்துச்சு" என்றான். "ரிப்பேரா கெடக்குதுன்னு சொல்லிட்டேன் அண்ணா. நீ சாவிய முடிஞ்சிக்கினு போனது ஞாபகம் வந்தா, அந்த நெனப்போடயே உசுரு போயிருமேன்னு சொல்லிட்டேன்."